முதற் கலிமா

எங்கள் குடும்பத்து இரும்புப் பெட்டியில் பழந்தாள் ஒன்று இருக்கிறது. அதைத் தாள் என்று சொன்னால் என் நானாவுக்குப் பிடிக்காது. 'ஷஜரா' என்றே சொல்ல வேண்டும். பழுப்பேறி, மடிப்புகளில் இற்று, பின்புறம் மல்துணி ஒட்டப்பெற்ற அந்த ஷஜராவில் பதினொரு பெயர்கள் அரபுத்தமிழில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. கடைசிப் பெயர் எங்கள் பாட்டனாருடையது. முதற்பெயரின் ஓரத்தில், அவர் யமன் நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்தவர் என்று ஒரு குறிப்பு காணப்படும்.

பரங்கிப்பேட்டையில் நாங்கள் சிறுவர்களாக இருந்த நாளில், பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் பாட்டனார் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள். பேரப்பிள்ளைகள் ஒளுச் செய்துகொண்டு வந்து வரிசையாக அமர வேண்டும். பதினொரு பெயர்களையும் அவர்கள் ஒவ்வொன்றாக வாசிக்க, நாங்கள் திருப்பிச் சொல்வோம். "நாம் வந்த குடி, இருந்த குடி அல்ல. நினைவிருக்கட்டும்" என்று முடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் பெருநாள் பலகாரம் எங்கள் கைக்கு வரும்.

பின்னர் எங்கள் வாப்பா, பல்லாவரத்தை அடுத்த நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார்கள். தோலின் வாடையும் சுண்ணாம்பின் நெடியும் கலந்த தெருக்களில் நாங்கள் வளர்ந்து ஆளானோம். காலப்போக்கில் நானாவும் நானும் திருமுடிவாக்கத்தில் அடுத்தடுத்து இரு மனைகள் வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். பள்ளி ஆசிரியனாக இருந்து நான் ஓய்வு பெற்றேன். மூத்தவர் என்ற முறையில் பெட்டி நானாவிடம் சென்றது. அவர்களும் பாட்டனாரைப் போலவே பெருநாள்தோறும் அதைத் திறந்து, தம் பேரப்பிள்ளைகளுக்குப் பதினொரு பெயர்களையும் ஓதிக்கொடுத்து வந்தார்கள்.

இந்தத் தாள் ஒரு பெண்பிள்ளையின் வாழ்வுக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று நாங்கள் எண்ணியதில்லை.

நானாவின் பேத்திக்குச் சென்ற ஆண்டு ஒரு வரன் வந்தது. பையன் எங்கள் ஊர்ச் சிட்கோ தொழிற்பேட்டையில் இரண்டு லேத்துகளும் ஒரு மில்லிங் இயந்திரமும் கொண்ட சிறு பட்டறை நடத்துகிறான். பொறியியலில் பட்டயம் பெற்றவன். வைகறைத் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பவன். பெண்ணுக்கும் சம்மதம். ஆனால் நானா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில், அப்பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கலிமா மொழிந்தவர் அந்தப் பையனின் பாட்டனார். பிறகு பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, தொழிற்பேட்டையில் காவலாளாக வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். பையன் முஸ்லிமாகவே பிறந்தவன்; அவனுடைய தந்தையோ பால்குடி மறவாத பருவத்திலேயே இஸ்லாத்துக்குள் வந்துவிட்டவர்.

"பையனைக் குறை சொல்லவில்லை தம்பி. ஆனால் அவர்களுக்கு வமிசம் ஏது? திருமணத்தில் குஃபு பார்க்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களிலேயே இருக்கிறதே" என்றார்கள் நானா.

மண ஒப்பு பற்றிய அந்தச் சட்டப் பேச்சு நூல்களில் உண்டுதான். ஆனால் அது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உரிய உரிமை என்பதும், அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம் என்பதும் அதே நூல்களில் உண்டு. குறைஷிக் குலப் பெண்மணியான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணமகனாகப் பரிந்துரைத்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களே அன்றோ! இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், என் உள்ளத்தின் ஒரு மூலையிலும் அந்த யமன் தேசத்து மரக்கலம் நங்கூரமிட்டிருந்தது.

இந்நிலையில்தான் என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு சிறு அட்டைப்பெட்டியோடு என் முன் வந்து நின்றாள். அவள் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிரியல் படிப்பவள். வீட்டிலிருந்தபடியே மரபணுவைச் சோதித்து மூதாதையர் வழியை அறிந்துகொள்ளும் கருவி அது. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு மூடி, ஓர் உறை, அவ்வளவே. அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருந்து, குழாயில் கோடிட்ட அளவுக்கு உமிழ்நீரைச் சேர்த்து, மூடியைத் திருகி அஞ்சலில் அனுப்ப வேண்டும். "உங்கள் யமனைத் தேடிப் பார்ப்போமே" என்று சிரித்தாள். ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வந்து, தேநீர் அருந்தும் முன்பாக அந்தக் குழாயை நிரப்பிக் கொடுத்தேன்.

முடிவு வரும்வரை, வகுப்பில் பாடம் கேட்கும் மாணவனைப் போல அவளிடம் இந்த வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறிந்த அளவில் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று வாப்பா தந்தது. மற்றொன்று உம்மா தந்தது. இவற்றில் எழுதப்பட்டிருக்கும் நீண்ட மரபணு வாசகத்தில் மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடங்களில் பல இலட்சத்தை மட்டும் இச்சோதனை வாசிக்கிறது. பிறகு அவற்றை, பல நாடுகளிலும் இன்று வாழும் மக்களிடம் திரட்டி வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டு, உன்னுடையதில் இத்தனை விழுக்காடு இன்ன பகுதி மக்களை ஒத்திருக்கிறது என்று சொல்கிறது. ஆகவே இது பழங்காலத்தைக் காட்டும் கண்ணாடி அன்று. இன்றுள்ளவர்களோடு செய்யும் ஒப்பீடு. எந்த மக்களின் மாதிரி மிகுதியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் விடை தெளிவாகவும், மாதிரி குறைந்த பக்கம் மங்கலாகவும் இருக்கும்.

இன்னொரு கணக்கையும் அவள் போட்டுக் காட்டினாள். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், அவர்களைப் பெற்றவர் எண்மர். இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 இடங்கள் வருகின்றன. உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களில் ஒரே ஆள் பல இடங்களில் நிற்பார் என்பதால் ஆட்களின் தொகை குறையலாம். இருப்பினும் நூற்றுக்கணக்கானோர் நிச்சயம். அவர்களுள் பலரிடமிருந்து ஒரு துண்டு மரபணுகூட நம்மை வந்து சேராமல் போவதும் இயல்பே. அதாவது, அவர் நம் மூதாதையராகவே இருந்தாலும் இந்தச் சோதனையில் தென்படமாட்டார்.

ஆனால் இரண்டு வழிகள் மட்டும் கலப்பில்லாமல் இறங்கி வருகின்றன. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்று. தாயிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் மைட்டோகாண்டிரிய மரபணு மற்றொன்று. வாப்பாவின் வாப்பாவின் வாப்பா என்று நேர்கோட்டில் ஏறிச் செல்லும் ஷஜராவைச் சோதிக்க, ஒய் குரோமோசோமைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சாட்சி புதியதும் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் அவர்கள் திரட்டிய மாதிரிகளில், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சோதிமாணிக்கம் கிராமத்தைச் சேர்ந்த விருமாண்டியின் ஒய் குரோமோசோமில் 'எம் 130' என்ற அடையாளம் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதர்களின் தடம் அது என்று அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ், 2003-இல் உலகெங்கும் காட்டப்பட்ட தம் ஆவணப்படத்தில் எடுத்துரைத்தார். ஆக, நெடுங்காலக் கணக்கில் பார்த்தால் நாமனைவரும் வந்த குடிகளே. முன்னே வந்தவர், பின்னே வந்தவர் என்பதே வேறுபாடு.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் மாலை பேத்தி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். என் உடலின் கணக்கு அதில் வண்ண வட்டமாக வரையப்பட்டிருந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் 96 விழுக்காடு. வடமேற்கு இந்தியாவை ஒத்தது 3 விழுக்காடு. வகைப்படுத்த இயலாதது 1. அரபு நாடு என்ற பெயர் எங்குமே இல்லை.

"ஒரு மூதாதையர் தென்படாமல் போகலாம் என்று நீதானே சொன்னாய்?" என்றேன், பிடிமானத்தைத் தேடுபவனைப் போல.

அவள் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். தந்தைவழி: 'எச்' என்ற எழுத்தால் குறிக்கப்படும் பிரிவு. இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடையே மிகுந்தும், அதற்கு வெளியே அரிதாகவும் காணப்படும் பிரிவு அது. நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். ஷஜராவின் பதினொரு பெயர்களும் என் கண்முன் வரிசையாக நின்றன. அந்த வரிசையின் தலையில் யமனிலிருந்து வந்தவர் இல்லை. எங்கள் ஆண்வழி இந்த மண்ணிலேயே வேர்கொண்டது.

என் சொந்தக் கதை இது. இந்திய முஸ்லிம்களின் பொதுக் கதையை ஆய்வாளர்கள் 2010-இலேயே சொல்லிவிட்டார்கள் என்பதைப் பிறகே அறிந்தேன். ஈஸ்வர்காந்த் என்ற ஆய்வாளரும், ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர் தங்கராஜ் உள்ளிட்டோரும் சேர்ந்து, நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆறு முஸ்லிம் சமூகத்தாரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். கேரளத்து மாப்பிள்ளைமாரும் தமிழ்நாட்டில் வாழும் தாவூதி போராக்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலான முஸ்லிம் சமூகங்கள், தம்மைச் சூழ்ந்து வாழும் பிற சமய மக்களையே மரபணுவில் ஒத்திருக்கின்றன என்பதே அவர்கள் கண்ட முடிவு. வெளியிலிருந்து வந்த கலப்பும் உண்டு. ஆனால் அது சிறிது. அதுவும் அரபுத் தீபகற்பத்திலிருந்து நேராக வந்ததைவிட, ஈரான், மத்திய ஆசியப் பக்கமிருந்து வந்ததே முதன்மையானது என்றனர்.

இதை அவர்கள் கண்டறிந்த வழிகளுள் ஒன்று சுவையானது. வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றலைத் தரும் மரபணு மாற்றம், ஒட்டகம் வளர்த்த அரபு மக்களிடம் ஒரு வகையாகவும், ஈரானிலும் இந்தியாவிலும் வேறு வகையாகவும் இருக்கிறது. அந்தப் பால் அடையாளத்தைக் கொண்டே அரபுக் கலப்பு பெரிதாக இருந்திருக்க முடியாது என்று அவர்கள் கணித்தார்கள். ஆகவே இஸ்லாம் இங்கே பரவியது பெரும்பாலும் இரத்தத்தால் அன்று. உள்ளங்கள் ஏற்றுக்கொண்டதால் என்பது அந்த ஆய்வின் சாரம். இதில் நாம் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? ஒரு மார்க்கத்துக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

எனினும் குடும்பக் கதைகள் எல்லாம் பொய் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கடற்கரை முஸ்லிம்கள், தங்கள் முன்னோர் பாரசீகத்தின் ஷீராஸிலிருந்து வந்தவர்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அது வெறும் பெருமைக்கதை என்று அறிஞர் பலர் ஒதுக்கினார்கள். 2023-இல், அக்கடற்கரையின் பழைய அடக்கத்தலங்களிலிருந்து எடுக்கப்பட்ட 80 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, தந்தைவழியில் பெரும்பாலும் பாரசீகத் தொடர்பும், தாய்வழியில் ஏறத்தாழ முழுவதும் ஆப்பிரிக்கத் தொடர்பும் வெளிப்பட்டன. கதை உண்மையாயிற்று. ஆனால் அந்தக் கதை சொல்லாமல் விட்ட செய்தியும் உடன் வெளிவந்தது. கப்பலில் வந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் நின்றன. அவர்களை மணந்து, பிள்ளை பெற்று, ஊரை நிலைநாட்டிய ஆப்பிரிக்கத் தாய்மார்களைக் கதை மறந்துவிட்டது. எங்கள் ஷஜராவிலும் பெண்பெயர் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி நானாவிடம் சொல்லியாக வேண்டும். அங்கேதான் நான் செய்த தவறு எனக்கே விளங்கிற்று. ஒரு வாப்பாவின் மக்களாகிய எங்கள் இருவருக்கும் தந்தைவழி ஒன்றே. குழாயில் விழுந்தது என் உமிழ்நீர்தான். ஆனால் வெளிப்பட்டது அவர்களுடைய இரகசியமும் கூட.

செய்தியைச் சொன்னதும் நானா முதலில் கேட்டது அதைத்தான். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

நான் தலை குனிந்தேன். மரபணு என்பது ஒருவருடைய தனிச்சொத்து அன்று. உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் பங்குள்ள அமானிதம். அதைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முன் இருமுறை எண்ண வேண்டும். அமெரிக்காவில் இச்சோதனைக்குப் பேர்போன 'ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ' என்ற நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. கடை மூடினாலும் நம் விவரங்கள் எங்கோ இருந்துகொண்டேயிருக்கும். வேடிக்கைக்காக இதைச் செய்ய நினைப்பவர்கள், குடும்பத்தாரைக் கலந்துகொண்டு செய்வதே முறை என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மூன்று நாட்கள் நானா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இஷாவுக்குப் பின் ஷஜராவைக் கையில் ஏந்தியபடி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள்.

"தம்பி, இது பொய்யா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏமாற்றமடைந்த குழந்தையின் குரல் போல இருந்தது.

"முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன் நானா. யமனிலிருந்து ஒருவர் வந்திருக்கலாம். நம் கடற்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண்வீட்டில் சென்று வாழும் வழக்கம் உண்டல்லவா? அவருக்கு மகள் இருந்து, அந்த மகளை இந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் மணந்திருக்கலாம். மாமனாரின் பெருமையில் மருமகனின் வழி மறைந்திருக்கலாம். அல்லது பிற்காலத்தில் யாரோ ஆசைப்பட்டு எழுதியிருக்கலாம். எது என்று சோதனை சொல்லாது. நம் ஆண்வழி அவரிடம் சென்று சேரவில்லை என்பதை மட்டும் சொல்கிறது."

நானா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்லக் கேட்டார்கள்: "அப்படியானால், நம் வழியில் முதன்முதலில் கலிமா சொன்ன ஒருவர் இருந்திருக்க வேண்டுமே. அவர் யார்?"

"தெரியவில்லை."

"நெசவாளரா, மீன்பிடித்தவரா, உழவரா?"

"தெரியவில்லை நானா."

"அவர் பெயரை ஏன் ஒருவரும் எழுதி வைக்கவில்லை?"

இதற்கு நான் விடை சொல்லவில்லை. விடை எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. தம் ஊராரின் ஏச்சையும் உறவினரின் பிரிவையும் தாங்கிக்கொண்டு, அல்லாஹ் ஒருவனே என்று முதன்முதலில் சொன்ன அந்த மனிதர்தான் எங்களுக்கு ஈமானைத் தந்தவர். அவரை மறைத்துவிட்டு, கப்பலில் வந்த ஒருவரை நாங்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம். எங்களுக்கும் ஒரு 1981 இருந்திருக்கிறது. ஆண்டு வேறு, ஊர் வேறு. அதை மறக்கும் அளவுக்குக் காலம் கடந்துவிட்டது என்பதுதான் எங்கள் 'வமிசம்' எல்லாம்.

ஹைதராபாத் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் இணைந்து நம் நாட்டின் 25 குழுவினரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவும் எனக்கு அந்நேரம் நினைவுக்கு வந்தது. அவர்கள் ஆராய்ந்த இந்தியப் பெருநிலத்து மக்களில் ஏறத்தாழ எல்லாருமே, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று சொல்லப்படும் இருசாராரும், இருபெரும் பழங்குடி மரபுகளின் கலப்பினரே. அளவில்தான் ஏற்றத்தாழ்வு. அந்தக் கலப்பு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்து, பிறகு அவரவர் குலத்துக்குள்ளேயே மணம் என்று கதவுகள் அடைபட்டன என்று 2013-இல் மற்றோர் ஆய்வு கணித்தது. மனிதர் பிற்காலத்தில் எழுப்பிய அந்தச் சுவரைத் தகர்க்க வந்த மார்க்கத்தில் இருந்துகொண்டே, நாமும் அதே சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறோமே என்று எண்ணினேன். ஆனால் இதை நான் நானாவிடம் சொல்லவில்லை. அவர்களை அசைத்தது ஆய்வு அன்று.

"தந்தை அல்லாதவரை அறிந்துகொண்டே தன் தந்தை என்று உரிமை பாராட்டுபவனைப் பற்றி ஹதீஸில் என்ன எச்சரிக்கை வந்திருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார்கள். "இதுவரை அறியாமல் ஓதினோம், அல்லாஹ் மன்னிப்பான். இனி அறிந்துகொண்டு எப்படி ஓதுவது?"

குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே அன்றி, உயர்வு பேசுவதற்கு அல்ல என்பது திருமறையின் 'அல் ஹுஜுராத்' அத்தியாயம் நமக்குத் தரும் பாடம். உறவைப் பேணுவதற்காக வமிசத்தை அறிந்துகொள்ளச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தாம், தம் இறுதி ஹஜ்ஜின்போது அரபியருக்கும் அரபியல்லாதாருக்கும் இடையே இறையச்சத்தால் அன்றி வேறு மேன்மை இல்லை என அறிவித்தார்கள். இவற்றை நானா என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். அறிந்தது நெஞ்சுக்குள் இறங்க ஒரு நொடி வேண்டியிருக்கிறது. அந்த நொடி யாருக்கு எப்போது வாய்க்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், பையனின் பாட்டனாரை நானா தம் வீட்டுக்கு அழைத்தார்கள். எண்பதை நெருங்கிய பெரியவர். நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். மறுப்பை மீண்டும் ஒருமுறை நேரில் சொல்லத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று அவர் எண்ணியது முகத்தில் தெரிந்தது.

"எங்கள் பக்கத்தில் ஏடு, பட்டயம் என்று ஒன்றுமில்லை பாய்" என்று அவரே தொடங்கினார்.

"உங்கள் குடும்பத்தில் முதலில் கலிமா சொன்னவர் யார்?" என்று கேட்டார்கள் நானா.

"நான்தான். என் தாயாரும் அன்றைக்கே சொன்னார்கள். வாய்க்காலில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நின்று சொன்னோம். அம்மாவுக்கு வாய் திரும்பவில்லை. மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். அம்மாவுக்கு ஆமினா என்று வைத்தார்கள். அன்றிரவு எங்கள் தெருவில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுவரை அப்படி ஒரு பந்தியில் எங்களை யாரும் உட்கார வைத்ததில்லை."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நாள், கிழமை, சொல்லிக்கொடுத்த ஆலிமின் பெயர், அன்று பெய்த தூறல், எல்லாம் அவருக்கு நினைவிருந்தன. நானா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் பதினொரு பெயர்கள் இருந்தும் இல்லாத ஒன்று, ஏடே இல்லாத அந்தப் பெரியவரிடம் முழுமையாக இருந்தது.

ஷவ்வால் மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. இடையில் ஒன்றும் தடங்கலில்லை என்று சொல்ல மாட்டேன். உறவினர் சிலர் வரவில்லை. அவர்களுள் எங்கள் சொந்தத் தங்கையின் குடும்பமும் ஒன்று. நானா அதற்காக வருந்தினார்கள், ஆனால் பின்வாங்கவில்லை. அந்த அட்டைப்பெட்டியை வாங்கப் பணம் கொடுத்தது மணப்பெண்தான் என்பதை என் பேத்தி பந்தியில் வைத்து என் காதோடு சொன்னாள்.

பழைய ஷஜராவை நானா கிழித்துவிடவில்லை. அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு புதிய தாள் சேர்ந்திருக்கிறது. அதில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த பெயர்களை மட்டுமே எழுதியிருக்கிறோம். வாப்பாவின் பக்கத்தில் உம்மாவின் பெயரையும், பாட்டனாரின் பக்கத்தில் பாட்டியாரின் பெயரையும் எழுதினோம். பெண்பெயர்கள் மூன்று தலைமுறைக்கு மேல் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரு பெரிய உறவுப் பாட்டியையும் சென்ற ஆண்டுதான் அடக்கம் செய்தோம். கேட்டு வைக்கத் தவறிவிட்டோம். வாசகர்களே, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதற்குக் குழாயும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

இவ்வாண்டுப் பெருநாளன்று நானா பெட்டியைத் திறந்தார்கள். பிள்ளைகள் ஒளுச் செய்துகொண்டு வந்து அமர்ந்தார்கள். புது மாப்பிள்ளையும் ஓரமாக அமர்ந்திருந்தான். புதிய தாளின் முதல் வரியை நானா வாசித்தார்கள்: "பெயர் அறியோம். நம்மில் முதற் கலிமா மொழிந்தவர். அல்லாஹ் அவர்மீது ரஹ்மத் செய்வானாக."

பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.